நீரின் போக்கறிந்தவர்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதங்களில் ஜொகூர் ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா? கோத்தா திங்கி நகரத்தில் ஆற்றோரம் நின்றால், பால்தேநீரின் நிறத்தில் ஆறு சுழித்து ஓடுவதைக் காணலாம். 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியது. கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் வீட்டுத் தரையெங்கும் எஞ்சியிருந்தது சேறுதான். ஓடும் நீர் மண்ணைச் சுமந்து செல்லும்; ஓட்டம் தளரும் இடத்தில் அதை இறக்கிவிடும். பாய்மங்களைப் பற்றிய இந்த எளிய உண்மையை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, தமிழகத்தின் நெற்களஞ்சியத்தைக் காப்பாற்றிய பொறியாளர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆர்தர் காட்டன்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பதினொரு ஆண்மக்கள் கொண்ட குடும்பத்தில் அவர் பத்தாவது பிள்ளை. பதினைந்து வயதில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இராணுவ அதிகாரிகளை உருவாக்கிய பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குப் பொறியியல் பயின்று, 1821ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் பாம்பன் நீரிணையை அளவிடும் பணியில் ஈடுபட்டார். பின்னர்ப் பர்மியப் போரில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பிய அவரிடம் காவிரிப் பாசனப் பகுதி ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவர் இருபத்தைந்து வயதைக் கடந்த இளைஞர்.

காவிரி அந்நாளில் பெரும் சிக்கலில் இருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தஞ்சை வயல்களை நோக்கிச் செல்கிறது. வடகிளையான கொள்ளிடம், வெள்ளநீரைச் சுமந்து விரைவாகக் கடலைச் சேர்கிறது. இரு கிளைகளுக்கும் நடுவே திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது.

நீர் எப்போதும் தாழ்வான பக்கத்தையே தேடும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. அதன் சரிவும் மிகுதி. ஆகவே, அதில் நீர் வேகமாக ஓடியது. காவிரியிலோ ஓட்டம் மெதுவானது. ஒரு குவளையில் மைலோவைக் கலக்கிப் பாருங்கள். கரண்டி சுழலும்வரை துகள்கள் நீரோடு சேர்ந்து சுழலும். கரண்டியை எடுத்துவிட்டால் அவை மெல்ல அடியில் தங்கிவிடும். காவிரியிலும் இதுவே நடந்தது. மெதுவாக ஓடிய நீர் தான் சுமந்து வந்த மணலை இறக்கியது. அதனால் படுகை ஆண்டுதோறும் உயர்ந்தது. படுகை உயர உயர, காவிரிக்குள் வரும் நீர் குறைந்தது. நீர் குறையக் குறைய ஓட்டம் மேலும் தளர்ந்தது. மணல் மேலும் படிந்தது. இந்த வட்டத்தை யாரும் உடைக்காவிட்டால், தஞ்சை வயல்கள் தரிசாகிவிடும் நிலை உருவானது. ஆற்று நீரை மட்டுமே நம்பி வாழ்ந்த உழவர் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும்.

காட்டன் தமது வேலையை ஒரு பழைய கட்டுமானத்திடமிருந்து கற்கத் தொடங்கினார். திருவரங்கத் தீவின் கிழக்கு முனையில் காவிரியும் கொள்ளிடமும் மீண்டும் நெருங்குகின்றன. அங்குக் காவிரி நீர் கொள்ளிடத்தில் சரிந்து வீணாகாமல் தடுத்து நிற்கிறது கல்லணை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழ மன்னன் கரிகாலன் அதைக் கட்டியதாகப் போற்றப்படுகிறது. பாம்பு போல் வளைந்து செல்லும் அந்த அணையின் நீளம் 329 மீட்டர்.

ஆற்று மணலில் கட்டடம் எழுப்புவது எளிதன்று. தேங்கி நிற்கும் நீர் ஆழம் கூடக்கூட மிகுந்த அழுத்தத்தைத் தரும். நீச்சல் குளத்தின் அடியில் மூழ்கும்போது காதுகள் அடைப்பது போல் தோன்றுவது இதனால்தான். அந்த அழுத்தத்தால் நீர் அணையின் அடிமணல் வழியே புகுந்து மறுபுறம் கசியும். கசிவு மணலைத் துகள் துகளாக அரித்துச் சென்றால் அடித்தளம் குடைந்து போகும். பிறகு அணை சாய்ந்துவிடும். மணலுக்கடியில் உறுதியான பாறையைத் தேடித் தோண்டுவதும் இயலாத செயல். அப்படியானால் கல்லணை எவ்வாறு இத்தனை நூற்றாண்டுகள் நின்றது?

காட்டன் அதைக் கூர்ந்து ஆராய்ந்தார். அதன் உட்பகுதி, களிமண்ணோடு சேர்ந்த கரடுமுரடான பெரும் கற்களின் திரளாக இருந்தது. கற்கள் தம் எடையால் மணலுக்குள் இறங்கி, மேலும் இறங்க முடியாத நிலையில் அமர்ந்திருந்தன. அவற்றின் இடைவெளிகளைக் களிமண் அடைத்திருந்தது. ஆழம் காணமுடியாத மணலிலும் அடித்தளம் அமைக்கலாம் என்னும் பாடத்தை இந்நாட்டின் பழைய பொறியாளர்களிடமிருந்தே தாம் கற்றதாக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆட்சி செய்யும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, ஆளப்படும் மக்களைத் தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டது அக்காலத்தில் அரிதான செயல். பழைய அணைகளையும் ஏரிகளையும் பழுது பார்க்காமல் விட்டுவிட்ட கம்பெனி அரசாங்கத்தையும் அவர் தயங்காமல் குறைகூறினார்.

கற்றதை அவர் செயலாக்கினார். முதலில் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். இவை அணையின் அடிமட்டத்தில் உள்ள திறப்புகள். அவற்றைத் திறந்தால் அழுத்தத்தோடு பீறிடும் நீர், படிந்த மணலையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். எந்த நீர் மணலைக் கொண்டு வந்து கொட்டியதோ, அந்த நீரைக் கொண்டே மணலை அகற்றினார் காட்டன்.

ஆயினும் நோயின் வேர் முக்கொம்பில் இருந்தது. அங்குக் கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணை கட்டினால், காவிரிக்குத் தேவையான நீர் கிடைக்கும். மிகுதியான வெள்ளம் மட்டும் அணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் விழும். செலவுக்கு அஞ்சிய அதிகாரிகளிடம் காட்டன் விடாது வாதாடி இசைவு பெற்றார். ஆற்றில் நீர் குறைந்திருக்கும் மாதங்களில்தான் வேலை செய்ய முடியும். தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம் வருமுன் அடித்தளம் உறுதிப்பட வேண்டும். தொழிலாளர்கள் கிணற்று உறைகளைப் போன்ற செங்கல் வட்டங்களை வரிசையாக மணலில் இறக்கி, அவற்றின்மேல் அணைச்சுவரை எழுப்பினர். மேலிருந்து விழும் நீர் அடிமணலைக் குடையாதிருக்கக் கீழ்ப்புறத்தில் கல்தளம் பரப்பினர். 1836ஆம் ஆண்டு 685 மீட்டர் நீளமுள்ள மேலணை எழுந்தது. அதே காலத்தில், கொள்ளிடத்தில் வெகுதூரம் கிழக்கே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது.

காவிரியில் மீண்டும் நீர் பெருகியது. ஆனால், நீர் காட்டனுக்கு மற்றுமொரு பாடத்தைக் கற்பித்தது. இப்போது காவிரிக்குள் நீர் வேகமாகப் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. கொள்ளிடத்தின் தலைப்பகுதியோ மணல் படிந்து மேடானது. முன்பு வறட்சிக்கு அஞ்சிய தஞ்சைக்கு இப்போது வெள்ள அச்சம் வந்தது. எனவே, 1840களில் மேலணையின் ஒரு பகுதியின் உயரம் குறைக்கப்பட்டது. காவிரியின் தலைப்பிலும் படுகையைக் காக்கும் தடுப்பு அமைக்கப்பட்டது. அதன் பின்னரே இரு கிளைகளுக்கும் இடையே சமநிலை ஏற்பட்டது. குறையை மறைக்காமல் திருத்தியதால்தான் அந்தத் திட்டம் நிலைத்தது.

அடுத்ததாகக் காட்டனின் கவனம் ஆந்திரப் பகுதியின் கோதாவரி ஆற்றின்மேல் சென்றது. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவ்வட்டாரங்களில் ஏராளமான மக்கள் மாண்டிருந்தனர். அருகிலேயே பேராறு ஒன்று ஆண்டுதோறும் கடலில் கலந்துகொண்டிருக்க, மக்கள் பசியால் இறந்த கொடுமை அவரை வருத்தியது. தவுளேசுவரத்தில் நடுவிலுள்ள தீவுகளை இணைத்து நான்கு பகுதிகளாக அணை கட்டத் திட்டமிட்டார். 1847ஆம் ஆண்டு தொடங்கிய பணி 1852ஆம் ஆண்டு நிறைவடைந்தது. இடையில் உடல்நலம் பலமுறை குன்றியபோதும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. பஞ்சம் வாட்டிய அந்நிலம் பின்னர்ப் பச்சை வயல்களால் நிறைந்தது.

1861ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. எனினும், அவருடைய கருத்துகள் எல்லாம் ஏற்கப்படவில்லை. இருப்புப்பாதைக்குச் செலவிடுவதைவிடப் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் பயன்படும் கால்வாய்களுக்குச் செலவிடுவதே இந்தியாவுக்கு நன்மை தரும் என்று அவர் வாதிட்டார். 1878ஆம் ஆண்டு, எழுபத்தைந்து வயதில், நாடாளுமன்றக் குழுவின் முன் கடுமையான கேள்விகளுக்கு விடையளித்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தம் 96ஆம் வயதில் அவர் மறைந்தார். தவுளேசுவரத்தில் பிற்காலத்தில் எழுந்த புதிய அணைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. கோதாவரிக் கரை உழவர்கள் இன்றும் அவரை நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

நீரைப் புரிந்துகொள்ளும் பணி ஒருவரோடு முடிவதன்று. 182 ஆண்டுகள் நின்ற முக்கொம்பு மேலணையில், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் வெள்ளம் ஒன்பது மதகுகளை அடித்துச் சென்றது. அதன்பின் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது. நீர் ஓயாமல் வேலை செய்வதால், அதைக் கண்காணிப்பவர்களும் ஓயக்கூடாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

காட்டன் கையாண்ட அறிவியல் நம் வீட்டருகிலும் உள்ளது. ஜொகூர் ஆற்றின் கலங்கிய நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்ததும், அகன்ற தொட்டிகளில் மெதுவாக ஓடவிடப்படுகிறது. ஓட்டம் தளர்ந்ததும் மண் அடியில் படிகிறது. உயரமான இடத்தில் நீர்த்தொட்டி அமைவதால், உயர வேறுபாடு தரும் அழுத்தத்தில் குழாயைத் திறந்ததும் நீர் பாய்கிறது. பொந்தியான், பத்து பஹாட் கரையோரங்களில் கடல்நீர் தோட்டங்களுக்குள் ஏறாமல் நீர்க்கதவுகள் தடுக்கின்றன. கடல்மட்டம் தாழும்போது அவை உள்நீரை வெளியேற்றுகின்றன.

அடுத்த முறை ஆறு கலங்கி ஓடுவதைக் காணும்போது, அது எதைச் சுமந்து செல்கிறது, எங்கே இறக்கி வைக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நீரை அடக்க எண்ணாமல் அதன் போக்கை அறிய முயன்றவர் ஆர்தர் காட்டன். அவருக்கு வழிகாட்டியவர்கள், பெயர் பொறிக்கப்படாத பழந்தமிழ்ப் பொறியாளர்கள்.