மலையில்லா நாட்டின் மலைக்கோட்டை

மிகலோயுஸ் சியுர்லியோனிஸ் 1909-இல் தீட்டிய குறியீட்டு ஓவியங்களுள் ஒன்று 'கோட்டையின் கதை'. செங்குத்தாய் எழும் மலை, அதன்மேல் கோட்டை. கதை என்று பெயரிருந்தும் மன்னனும் இல்லை, போரும் இல்லை. கதையைக் காண்பவர்தாம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அவர் பிறந்த லித்துவேனியாவில் 300 மீட்டரை எட்டும் குன்றுகூடக் கிடையாது. 1905 கோடையில் கருங்கடற்கரையிலுள்ள அனாப்பாவுக்குச் சென்றபோதுதான் காக்கசஸ் மலைகளைக் கண்டார். ஆயினும் இக்கோட்டை காக்கசஸிலிருந்துதான் வந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. பழங்குடியினர் மண்ணைக் குவித்து அரண் அமைத்த மேடுகள் அந்நாடெங்கும் நூற்றுக்கணக்கில் புல் மூடிக் கிடக்கின்றன. கோட்டைமலை என்றே அவற்றுக்குப் பெயர். அம்மேடுகளே ஓவியத்தில் மலையாக வளர்ந்துவிட்டன எனல் தகும்.

1875-இல் தேவாலய ஆர்கன் இசைஞரின் மகனாகப் பிறந்தவர். வளர்ந்தது நேமுனாஸ் ஆற்றங்கரையிலுள்ள துருஸ்கினின்கை. இளவரசர் ஒகின்ஸ்கியின் ஆதரவில் வார்சாவிலும் லைப்சிக்கிலும் இசை பயின்றார். ஏறத்தாழ முப்பதாம் வயதில் ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். பின்னர் ஓவியத் தொடர்களுக்கு சொனாட்டா என்று பெயரிட்டு, அலெக்ரோ, ஆந்தாந்தே என இசையின் பகுதிகளாகவே அவற்றைப் பகுத்தார். எஞ்சிய சில ஆண்டுகளில் தீட்டியவை முந்நூறு அளவில் இருக்கும்.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அவர் வீட்டில் பேசியது போலிஷ். ரஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல் அச்சிடுவதைத் தடுத்திருந்த காலம் அது. தம் மக்களின் மொழியை அவர் முறையாகக் கற்றது, எழுத்தாளரான சோபியா கிமன்தைத்தேயிடம். 1909 புத்தாண்டு நாளில் அவரையே மணந்தார். சொல் கைவரும் முன்பே அந்நாட்டின் தொன்மையை வண்ணத்தில் பேசத் தொடங்கியிருந்தார்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வறுமையோடு உழைத்தார். அவ்வாண்டின் இறுதியில் மனநலம் குலைந்தது. 1910-இல் வார்சாவுக்கு அருகே புஸ்தெல்னிக் மருத்துவமனையில் இருந்தபோது மகள் பிறந்தாள்; அவளை அவர் காணவேயில்லை. 1911 ஏப்ரல் 10 அன்று நுரையீரல் அழற்சியால், 35 வயதில் மறைந்தார்.

அவருடைய ஓவியங்களுள் பெரும்பாலானவை கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. பல, தாளிலும் அட்டையிலும் தீட்டியவை; வெளிச்சம் மிகுந்தால் மங்கிவிடும்.