நியாயவாதியும் மந்திரியும்: அமரர் ஜீ. ஜீ. பொன்னம்பலம்

ஈழத்துத் தமிழர் அரசியலிலே முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்ட பெயர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் என்பதாகும். அன்னாரைப் புகழ்ந்தோரும் பலர், வெகுண்டோரும் பலர். இருசாராரும் ஒப்புக்கொண்ட பெரும் வாதத்திறனுடைய அப்பெரியாரின் வாழ்வை ஈண்டுச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

1901ஆம் ஆண்டு வடமராட்சியிலுள்ள அல்வாயிலே பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். பின்னர் சட்டம் பயின்று, பாரிஸ்டராகித் தாயகம் மீண்டார். சாட்சியின் கூற்றை இழையிழையாகப் பிரித்து ஆராயும் அவரது குறுக்கு விசாரணைக்கு விஞ்ஞானப் பயிற்சியும் துணைநின்றது என்பது எமது துணிபு. குற்றவியல் வழக்குகளிலே தலைசிறந்த நியாயவாதியாக விளங்கி, இராச நியாயவாதி என்னும் பதவியையும் பெற்றார்.

1931இல் அரசாங்க சபைத் தேர்தலில் தோல்வியுற்றாராயினும் மனந்தளராது, 1934இற் பருத்தித்துறைத் தொகுதியின் பிரதிநிதியானார். சிறுபான்மையோருக்குச் சமபல பிரதிநிதித்துவம் வேண்டுமெனப் பல மணி நேரம் சபையில் வாதாடினார். 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்து, சோல்பரிக் கமிஷன் முன்னிலையில் அவ்வழக்கையே எடுத்துரைத்தார். கமிஷனார் அதனை ஏற்றிலர். எனினும் 1947இல் யாழ்ப்பாணத் தொகுதி வாக்காளர், அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்து அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

1948இல் டீ. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கத்திற் கைத்தொழில், மீன்பிடி மந்திரியாக அமர்ந்தார். எதிர்த்து நின்று பெறமுடியாததை ஒத்துழைத்துப் பெறலாம் என்பது அவர் கருத்து. காங்கேசன்துறைச் சுண்ணாம்புக் கல்லையும் முருங்கன் களிமண்ணையும் கொண்டு 1950இற் சீமெந்து உற்பத்தி தொடங்கிற்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கும் அவர் காலத்திலேயே வழி வகுக்கப்பட்டது. 1990இற் போரினால் மூடப்படும்வரை, காங்கேசன்துறை ஆலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறளித்தது.

ஆயின், தராசின் மறுதட்டையும் நாம் மறைத்தலாகாது. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரைப் பிரஜாவுரிமையற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர், மந்திரியான பின்னர், இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். மனம் பொறாத செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் முதலியோர் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தாபித்தனர். நியாயவாதி தன் கட்சிக்காரன் ஒருவனுக்காகவே பேசுபவன். மந்திரியோ சபை முழுவதன் செயலுக்கும் பொறுப்பாளி. இவ்வேற்றுமையின் விலையை அவர் செலுத்தினார். அவரினும் மிகுதியாக மலைநாட்டு மக்கள் செலுத்தினர். 1953இற் கொத்தலாவலை பிரதமரானபின் மந்திரிப் பதவியும் நீங்கிற்று.

பின்னர் வெற்றியும் தோல்வியும் மாறிமாறி வந்தன. 1956இலும் 1965இலும் யாழ்ப்பாணம் அவரைத் தெரிந்தது. 1960இலும் 1970இலும் கைவிட்டது. 1976இல் அமிர்தலிங்கம் முதலியோர்மீது தொடரப்பட்ட வழக்கிலே, எழுபதைக் கடந்த முதுமையிலும் அவர் மன்றேறினார். முன்னர்ப் பிரிந்த செல்வநாயகமும் அவரும் ஒரே பக்கத்தில் நின்ற அக்காட்சி, பழைய பிணக்கை மறக்கச் செய்தது. 1977 பெப்ரவரியிற் பொன்னம்பலமும், ஏப்ரலிற் செல்வநாயகமும் இவ்வுலகை நீத்தனர்.

நாவன்மை பதவியைத் தரும். பதவியில் அமர்ந்தபின் எவருக்காக அந்நா அசைகின்றது என்பதையே வரலாறு கேட்கும். நம் மாணவச் செல்வர்கள் அன்னாரின் கல்வியையும் ஊக்கத்தையும் பின்பற்றுவாராக. அவர் எதிர்நின்ற அந்த வினாவையும் நெஞ்சில் இருத்துவாராக.