பிளேக்கை வழிமறித்த வைத்தியர்

ஒரு தேசத்தின் உரிமையைக் காத்தவர்கள் யாரெனில், போர் வீரர்களையும் ராஜதந்திரிகளையுமே நாம் சாதாரணமாகச் சுட்டிக் காட்டுவோம். வைத்தியரை அந்த வரிசையில் வைத்து எண்ணுவோர் மிகச் சிலர். ஆயினும் 1910-ஆம் வருஷக் கடைசியில் சீன தேசத்தின் வடகோடியில், 31 வயதேயான ஒரு வைத்தியர் செய்த தொண்டு, எந்தப் படைத்தலைவனின் வெற்றிக்கும் குறைந்ததன்று. அவரே டாக்டர் வூ லியன்டே. தேச ஊழியத்தில் நாட்டமுள்ள ஒவ்வொருவரும் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ் மக்களுக்கு நன்கு பழக்கமான பினாங்குத் தீவில் 1879-ஆம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி வூ லியன்டே பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, 1896-இல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே வைத்தியம் கற்ற முதல் சீனர் அவரே. பின்னர் லிவர்பூலிலும், ஜெர்மனியில் ஹாலே நகரிலும், பாரிஸில் பாஸ்டர் ஸ்தாபனத்திலும் கிருமி சாஸ்திரம் பயின்று, 1903-இல் மலேயா திரும்பினார்.

பிறந்த ஊரில் அவர் சும்மா இருக்கவில்லை. அபினி வியாபாரத்தில் லாபம் கண்டவர்கள் செல்வாக்குடனிருந்த காலத்தில், அபினி ஒழிப்புச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். அதன் பலனாக, அவருடைய வைத்தியசாலையிலிருந்த சிறிதளவு அபினி மருந்தைக் காரணங்காட்டி அவர்மீதே வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள். அச்சமயத்தில் சீனாவிலிருந்து யுவான் ஷிகாயின் அழைப்பு வந்தது. 1908-இல் டியன்ட்ஸின் நகரின் ராணுவ வைத்தியக் கல்லூரிக்கு உபதலைவரானார். சீனருக்குப் பிறந்தும் வடசீன பாஷை அவருக்குச் சரளமாக வராது. அதையும் அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1910-ஆம் வருஷம் மஞ்சூரியாவில் பிளேக் தோன்றிற்று. தார்பகான் என்னும் மலை அணிலின் தோலுக்கு ஐரோப்பாவில் விலை ஏறியதால், வேட்டைப் பழக்கமில்லாத ஏழைக் கூலிகள் ஆயிரக்கணக்கில் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். நோய்ப்பட்ட பிராணியை விலக்கத் தெரியாமல் பிடித்தார்கள். காற்றோட்டமில்லாத சத்திரங்களில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். புத்தாண்டுக்கு ஊர் திரும்ப ரயிலேறினார்கள். நோயும் அவர்களுடன் ரயிலேறிற்று. வடக்கே ஓடிய ரயில் ருஷியர் கையில். நடுவே ஓடியது ஜப்பானியர் கையில். முக்டனுக்குத் தெற்கே மட்டுமே சீன சர்க்காரின் ரயில். நோயைச் சீனர் அடக்காவிடில் தாமே அடக்குவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய அவ்விரு வல்லரசுகளும் காத்திருந்தன. ஜனங்களைக் காக்கத் திறனற்ற சர்க்காருக்கு நாட்டை ஆளும் யோக்கியதை ஏது என்ற கேள்வி எழுந்துவிட்டது.

டிசம்பர் 24-ந் தேதி டாக்டர் வூ ஹார்பின் நகரில் இறங்கினார். பிரேதத்தை அறுப்பது மகாபாதகமென்று கருதப்பட்ட தேசத்தில், மூன்று நாட்களுக்குள் மறைவாக ஒரு பிரேதத்தைப் பரிசோதித்து, பிளேக் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் பிளேக்கையே அதுவரை உலகம் பெரிதும் அறிந்திருந்தது. இதுவோ நுரையீரலைத் தாக்கி, இருமலாலும் மூச்சாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தாவுவது என்று அவர் துணிந்து கூறினார். சல்லாத் துணியும் பஞ்சும் கொண்டு முகமூடி தைத்து, நோயாளிகளை நெருங்கும் அனைவரும் அணிய வேண்டுமென்றார்.

மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் இதை ஏற்கவில்லை. அநுபவத்தில் மூத்த அவர், தலைமைப் பதவி தமக்கே உரியதென்று வாதாடி, சீன இளைஞரை அவமதித்தார். டாக்டர் வூ வீண் சண்டையில் இறங்காமல், தம்மை விலக்கிவிடும்படி சர்க்காருக்குத் தந்தி கொடுத்தார். சர்க்கார் அவர் பக்கமே நின்றது. முகமூடியின்றி நோயாளிகளைப் பார்வையிட்ட மெஸ்னி 1911 ஜனவரி 11-ந் தேதி அதே நோய்க்கு இரையானார். அதன்பின் முகமூடியை மறுப்போர் அருகினர்.

டாக்டர் வூவின் கையில் மருந்து என ஒன்று இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நோய் கண்டவர் பிழைப்பதே இல்லை. ஆகவே எந்த மனிதன் எங்கே இருக்க வேண்டும், எவ்வழியே போக வேண்டும், யாருடன் சேரக்கூடாது என்ற ஒழுங்கே அவருடைய சிகிச்சையாயிற்று.

ஹார்பினை அடுத்த பூஜியாதியன் என்னும் சீனர் குடியிருப்பில் சுமார் 24,000 பேர் வசித்தார்கள். அதை அவர் நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வைத்திய அதிகாரியின் பொறுப்பில் விட்டார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என வட்டாரத்துக்கொரு நிறத்தில் ஜனங்கள் கைப்பட்டை அணிந்தார்கள். அநுமதிச் சீட்டின்றி ஒரு நிறத்தார் மற்றொரு நிறத்தாரின் எல்லையை மிதிக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட 1,000-க்கு மேற்பட்ட சிப்பாய்கள் எல்லையைக் காத்தனர். வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோய் தெளிவானவர் பிளேக் ஆஸ்பத்திரிக்கும், சந்தேகத்துக்குரியவர் வேறிடத்துக்கும் அனுப்பப்பட்டனர். நோயாளியுடன் வாழ்ந்தவர்களை வைக்கப் போதிய கட்டிடமில்லை. ருஷிய ரயில்வேயாரிடம் 120 சரக்கு வண்டிகளை இரவல் வாங்கி, அவற்றையே விடுதிகளாக்கினார். அங்கே தினமும் உடற்சூடு பார்க்கப்பட்டது. சூடு கண்டவர் உடனே ஆஸ்பத்திரிக்கு; குறித்த நாள்வரை காணாதவர் வீட்டுக்கு. நோயாளியையும், நோயாளியாகலாம் என்பவரையும் ஒரே கூரையின்கீழ் அடைத்த பழைய வழக்கம் இவ்வாறு ஒழிந்தது.

இந்த ஒழுங்குக்கு உட்படாத இடத்தில் என்ன நேர்ந்தது? அங்கிருந்த ஒரு கிறிஸ்துவ மடத்தில் நோயாளிகளை வெளிக்காட்டாமல் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மதபக்தியும் கருணையுமே அதற்குக் காரணமாயினும், உள்ளிருந்தோரில் பெரும்பாலோர் மாண்டனர்.

தெற்கே பெரிய சுவரின் கோடியிலுள்ள ஷான்ஹாய்குவானில் ரயில்கள் தடுக்கப்பட்டன. அவ்விதம் தடுத்துத் திருப்பியனுப்பப்பட்ட ஒரு வண்டியிலிருந்த நூற்றுக்கணக்கான கூலிகளை முக்டன் நகரின் சத்திரங்களில் தங்கவைத்தார்கள். அவர்களைக் கவனித்த வைத்தியர் ஆர்தர் ஜாக்ஸன் 26 வயதிலேயே உயிர் நீத்தார். வழியை அடைப்பது மட்டும் போதாது; அடைபட்டவருக்குத் தக்க இடமும் முன்கூட்டியே வேண்டுமென்பதை அத்தியாகியின் மரணம் உணர்த்திற்று.

இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. பூமி பாறைபோல் உறைந்துவிட்டதால், புதைக்கப்படாத பிரேதங்கள் 2,000-க்கு மேல் ஊருக்கு வெளியே கிடந்தன. பிரேதத்தை எரிப்பது சீனருக்குப் பரம்பரை வழக்கத்துக்கு விரோதம். டாக்டர் வூ பலாத்காரமாக ஒன்றும் செய்யவில்லை. ஊர்ப் பிரமுகர்களைத் தாமே அழைத்துச் சென்று அக்காட்சியைக் காட்டி, அவர்கள் சம்மதத்தைப் பெற்று, சக்கரவர்த்தியின் ஆணைக்கு எழுதி, ஆணை வந்தபின்பே சீனப் புத்தாண்டின் மறுநாள் தீ மூட்டினார்.

நாளொன்றுக்கு 180 பேருக்கு மேல் பலிகொண்ட நோய் படிப்படியாக இறங்கிற்று. 1911 மார்ச்சு 1-ந் தேதிக்குப்பின் ஹார்பினில் நோய் காணவில்லை. மஞ்சூரியா எங்கும் சுமார் 60,000 பேர் இறந்திருந்தனர். ஆனால் அந்நியர் தலையிடச் சொன்ன காரணம் மறைந்தது. அவ்வருஷம் ஏப்ரலில் முக்டனில் கூடிய 11 தேசத்து நிபுணர்களின் மகாநாட்டுக்கு டாக்டர் வூவே தலைமை வகித்தார்.

வெற்றிக்குப்பின் உறங்காமையே அவருடைய தனிப்பெருமை. 1912-இல் வடமஞ்சூரிய பிளேக் தடுப்பு இலாகாவை நிறுவி, நோயில்லாத காலத்திலேயே ஆஸ்பத்திரிகளைத் தயாராக வைத்தார். 1920-21-இல் நோய் மீண்டும் வந்தபோது இறந்தவர் தொகை 10,000-க்குள் நின்றது. முந்திய அழிவில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! 1930-இல் துறைமுகங்களின் நோய்க்காப்பு அதிகாரத்தை அந்நியர் நடத்திய சுங்க இலாகாவிடமிருந்து சீன சர்க்காருக்கு மீட்டுத் தந்தார். அதற்கு அடுத்த வருஷமே மஞ்சூரியாவை ஜப்பான் ஆயுத பலத்தால் கவர்ந்துகொண்டது. அதற்கு வைத்தியர் என்ன செய்வார்? 1937-இல் யுத்தம் மூண்டதும் அவர் மலேயா திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண வைத்தியராக ஏழைகளுக்குத் தொண்டு புரிந்து, 1960 ஜனவரி 21-ந் தேதி காலமானார்.

2020-இல் கொரோனா உலகை வாட்டியபோது, முகமூடியும், தொடர்புடையோரைத் தனியே வைத்தலும், நோயின் தரம் பிரித்து இடம் ஒதுக்குதலும் புதுமைகள்போல் பேசப்பட்டன. 110 வருஷங்களுக்கு முன்பே இவற்றையெல்லாம் ஒருவர் செய்து காட்டியிருந்தார். கொள்ளைநோய் வந்தபின் மருந்தைத் தேடி ஓடுவது எல்லோரும் செய்வது. நம் ஊரில் எத்தனை தெரு, எத்தனை வீடு, நோயாளிக்கு எந்தக் கட்டிடம், அண்டை வீட்டானுக்கு எந்தக் கட்டிடம், அவர்களை அழைத்துச் செல்வோர் யார் என்பதை நோய் வருமுன் எழுதி வைப்பதன்றோ தேச ஊழியம்? மேடைப் பிரசங்கத்தில் கிடைக்கும் கைதட்டல் இவ்வேலையில் கிடைக்காது. ஆனால் மக்களின் உயிரும் நாட்டின் மானமும் சமயத்தில் இதில்தான் தங்கியிருக்கும்.