பாபாசாகேபின் கடல் கடந்த கல்வியும் அதற்காகிய பொருளும்

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பெற்ற பட்டங்களை நம்மவர் பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். அப்பட்டங்களுக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது, அஃது எவ்வாறு செலவாயிற்று என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தம் மக்களை அயல்நாட்டிற்கு அனுப்பிப் படிப்பிக்க விழையும் பெற்றோர்க்கு இவ்வரலாறு பெரிதும் பயன்படும்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் பயின்ற காலத்திலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் திங்கள்தோறும் ரூ. 25 உதவித்தொகை அளித்து வந்தார். பட்டம் பெற்றுப் பரோடாவில் பணியேற்ற சின்னாட்களில், 1913 பிப்ரவரி 2ஆம் நாள், தந்தையார் ராம்ஜி காலமானார். குடும்பப் பொறுப்பு முழுவதும் இளைஞர் தோள்மேல் வீழ்ந்தது. அந்நிலையில் மன்னர் அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்ப முன்வந்தார். திங்கள் ஒன்றுக்கு 11½ பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. ஆண்டுக் கணக்கில் 138 பவுன். இஃது வெறுங்கொடையன்று; கல்வி முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிதல் வேண்டும் என்னும் நிபந்தனையும் உடன் இருந்தது. 1913 ஜூன் 4ஆம் நாள் அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஜூலைத் திங்களில் அவர் நியூயார்க் சேர்ந்தார்.

அச்சிறு தொகையிலேயே அவருடைய உணவும் உடையும் அடங்கின. பம்பாயிலிருந்த குடும்பத்திற்கும் அதிலிருந்தே பணம் சென்றது. ஆகவே கேளிக்கைகளை அறவே நீக்கினார், உணவையும் குறைத்தார். குறைக்காத செலவு ஒன்றே; அது நூல்கள் வாங்கும் செலவு. பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி ஏறத்தாழ 2,000 நூல்களைச் சேர்த்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916இல் ஆராய்ச்சி உரையையும் முடித்து, அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக்கழகத்திலும் சேர்ந்தார்.

படிப்பு முடியுமுன்னரே உதவித்தொகைக் காலம் முடிந்தது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அளித்த இசைவை மட்டும் பெற்றுக்கொண்டு, 1917 ஆகஸ்டில் தாயகம் திரும்பினார். உலகப்போர் நடந்த காலம். அவருடைய பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாயிற்று. மூட்டைகளுக்கு நட்டஈடாகக் கிடைத்த பணத்தைக் கொண்டே பரோடாவிற்குப் பயணச் செலவு செய்ய நேர்ந்தது. ஒப்பந்தப்படி பணிபுரியச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் ஒதுங்கியிருந்தவரைச் சாதி அறிந்து தடியேந்தி வந்தோர் வெளியேற்றினர். பத்தாண்டுப் பணி சில நாட்களிலேயே முறிந்தது. கல்விக்குப் பொருள் தந்த அரசின் தலைநகரிலேயே, கற்று வந்தவர் தலைசாய்க்க இடமின்றிப் போயிற்று!

ஆயினும் முடியாத படிப்பை அவர் மறந்தாரில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார், ஊதியம் ரூ. 450. அக்காலத்தில் அது பெருந்தொகை. எனினும் பரேல் பகுதியில் ஏழைத் தொழிலாளர் வாழும் குடியிருப்பிலேயே இரண்டு சிற்றறைகளில் வாழ்ந்தார். வீட்டுச் செலவிற்கென அளவிட்ட தொகையை மட்டும் அன்னை ரமாபாயிடம் கொடுத்து, எஞ்சியதை இலண்டனுக்கென ஒதுக்கினார். அந்த அளவிட்ட தொகைக்குள் இல்லறத்தை நடத்திய அன்னையாரின் பங்கை இக்கணக்கில் எவ்விடத்தில் எழுதுவது?

சேமிப்பு மட்டும் போதவில்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் ஓரளவு உதவினார். கொலம்பியாவில் உடனுறைந்த பார்சி நண்பர் நவல் பத்தேனா ரூ. 5,000 கடனாகக் கொடுத்தார். அது பேராசிரியரின் பதினொரு திங்கள் ஊதியத்திற்கும் மேற்பட்ட தொகை. இம்மூன்று ஊற்றுகளையும் ஒன்றாக்கிக்கொண்டு 1920 ஜூலையில் மீண்டும் இலண்டன் சென்றார்.

அங்கு அவர் வாழ்க்கை நோன்பை ஒத்திருந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும். பகல் முழுதும் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த நடை. இரவில் பசி மிகுந்தால் சுட்ட அப்பளம். இவ்வாறு 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1922இல் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாய் நாணயச் சிக்கல் பற்றிய ஆராய்ச்சி உரையைத் திருத்தித் தருமாறு தேர்வாளர் பணித்தபோது கைப்பொருள் தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, அவ்வாண்டு நவம்பரில் டி.எஸ்ஸி. பட்டம் எய்தினார். வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமைச் சான்று பெறவும் கையில் பணமில்லை. அதற்கும் பத்தேனாவே துணைநின்றார்.

அன்பர்களே! இவ்வரலாறு நமக்குக் காட்டும் வழி தெளிவானது. உதவித்தொகையை ஏற்குமுன் அதன் காலவரையறையையும் நிபந்தனையையும் அறிதல் வேண்டும். பொருள் இடையில் நின்றுபோனால் படிப்பு அறுந்துபோகாவண்ணம் நிறுவனத்தின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொள்ளல் வேண்டும். தன் உழைப்பில் சேர்த்ததை முதலில் வைத்து, குறையை மட்டும் கடனால் நிரப்புதல் வேண்டும். எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தலாகாது என்பதைப் புறப்படுமுன்னரே உறுதிசெய்தல் வேண்டும்.

பாபாசாகேப் தாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்கு வழியாக்கினார். 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானபின், ஒடுக்கப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசு பொருள் ஒதுக்க வேண்டுமென வலியுறுத்தினார். 1944இல் அவ்வுதவித்தொகைத் திட்டம் பிறந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். திங்களுக்கு 11½ பவுனில் தொடங்கிய அக்கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அதிலிருந்து பயன்பெற்ற ஒவ்வொருவரும் தமக்குப்பின் வரும் ஒரு மாணவருக்கேனும் கைகொடுத்தால்தான் அது நேர்படும்.