உழுபவருக்கே நிலம்: கணக்குப் போட்டுச் சொன்ன குமரப்பா

சுருளிப்பட்டியில் குத்தகைக்குத் திராட்சைத் தோட்டம் எடுத்திருக்கிறீர்களா? கவாத்து செய்து, மருந்தடித்து, காய்க்குக் காவல் இருப்பது நீங்கள். பயிர்க்கடனுக்குப் போனால் சிட்டா இன்னொருவர் பெயரில் இருக்கும், குத்தகையோ வாய்ப்பேச்சுதான். இந்தச் சிக்கலுக்கு 1949-லேயே தீர்வு எழுதியவர் ஒரு தமிழர், ஜே.சி. குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். படித்தது விவசாயம் அல்ல, கணக்குத் தணிக்கை. லண்டனில் பயிற்சி, பம்பாயில் நல்ல வருமானம், பிறகு அமெரிக்காவில் மேல்படிப்பு. ஆங்கிலேயர் வரிமுறை நம்மை எப்படி ஏழையாக்கியது என்று அங்கே ஆராய்ந்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்ததும் கோட்டு போய் கதர் வந்தது. குஜராத்தின் மாதர் தாலுகா கிராமங்களில் குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுக்கும் பொறுப்பைக் காந்தி அவரிடம் கொடுத்தார். தணிக்கையாளர் நோட்டில் முதன்முதலாக உழவர் வீட்டுக் கணக்கு ஏறியது அப்போதுதான்.

சுதந்திரம் வந்ததும் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். குழு சொன்னது பலருக்குக் கசந்தது. உழுபவருக்கும் அரசுக்கும் நடுவே யாரும் கூடாது. விதவை, சிறுவர், மாற்றுத்திறனாளி தவிர வேறு யாரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது. 6 ஆண்டு தொடர்ந்து சாகுபடி செய்தவருக்கு நிலத்தில் முழு உரிமை. வரப்பில் குடை பிடித்து நின்றால் சொந்தச் சாகுபடி ஆகாது. உடல் உழைப்பும் வேண்டும். ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்க, ஒரு ஜோடி மாட்டுக்கு முழு வேலை கிடைக்க எவ்வளவு நிலம் தேவையோ, அதில் 3 மடங்குதான் உச்சவரம்பு.

இதே காலத்தில் ஜப்பானில், வெளியூரில் இருந்த நிலக்கிழார்களின் நிலத்தை அரசே வாங்கிக் குத்தகைதாரர்களுக்கு விற்றது. அங்கே அந்நியப் படை பின்னால் நின்றது. இங்கே சட்டம் போட வேண்டிய இடத்தில் நிலக்காரர்களின் செல்வாக்கு நின்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது என்றே சொல்லலாம்.

கடைசிக் காலத்தில் குமரப்பா உங்களுக்குப் பக்கம்தான் இருந்தார். டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம். கம்பம் பள்ளத்தாக்கும் அன்று அதே மதுரை மாவட்டம். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே நாளில் காலமானார். மறு ஆண்டு வந்த தமிழக நில உச்சவரம்புச் சட்டம் 5 பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-ல் அது 15 ஆனது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-ல் வந்தது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.