மும்பை மாநகராட்சியில் மேயரைவிட கமிஷனருக்கு ஏன் அதிகாரம் அதிகம்? ஒரு வக்கீலின் கதை

மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே மாநகராட்சித் தலைமையகம். அதன் முன்னால் ஒரு சிலை. சர் பெரோஸ்ஷா மேத்தா, தொழிலால் வக்கீல்.

அந்தக் கட்டடத்துக்குள் மேயர் இருக்கிறார். ஆனா நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் கமிஷனர் கையில்தான். ஏன் இப்படி? பதில் வேணும்னா 1871-க்குப் போகணும்.

26 வயதில் ஒரு வாதம்

1845-ல் பம்பாயில் ஒரு பார்சி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் மேத்தா. லண்டனில் சட்டம் படித்து, 1868-ல் பாரிஸ்டராகத் திரும்பினார்.

அப்போது நகரத்தை நடத்தியவர் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டு. மார்க்கெட், சாலை என்று நிறைய கட்டினார், கஜானா காலியானது. கணக்குக் கேட்க வேண்டியவர்கள் அரசே நியமித்த கௌரவ நீதிபதிகள். 1871-ல் வரி கட்டுபவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

எல்லோரும் கிராஃபோர்டைத் திட்ட, மேத்தா வேறு மாதிரி பேசினார். ஆளை மாற்றினால் போதாது, தப்பு அமைப்பில் இருக்கிறது என்பது அவர் கட்சி. பணத்துக்குக் காவல், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். வேலையை முடிக்க, பொறுப்புள்ள ஒரே அதிகாரி. அன்று கேட்டவர்களுக்கு இது ரசிக்கவில்லை.

சட்டமான யோசனை

ஆனா அடுத்த வருடமே வந்த சட்டம் ஏறக்குறைய அதே பாதையில் போனது. 64 உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தார்கள். வரி கட்டும் அளவுக்கு வசதி இல்லாத மில் தொழிலாளிக்கு ஓட்டு கிடையாது. அந்தக் குறை நீண்ட காலம் நீடித்தது.

மேத்தா மாநகராட்சிக்குள் நுழைந்தார், நான்கு முறை அதன் தலைவரானார். 1887-ல் பம்பாய் சட்ட மன்றத்தில் நியமன உறுப்பினரானதும், புதிய மாநகராட்சி மசோதாவில் மன்றத்தின் உரிமை குறையாமல் இருக்கப் போராடினார். அப்படி வந்த 1888 சட்டம்தான், பல திருத்தங்களோடு, இன்றும் மும்பையை ஆள்கிறது.

வெளிநடப்பும் தோல்வியும்

1901-ல் மாகாண மன்றத்தில் நிலவரி மசோதா வந்தது. பஞ்சத்தில் வரி பாக்கியால் பறிபோன நிலத்தை, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை இல்லாமல் விவசாயிக்குத் திருப்பித் தரலாம் என்றது அது. கந்துவட்டியிலிருந்து காப்பாற்றத்தான் என்றது அரசு. விவசாயி அரசின் குத்தகைதாரர் ஆகிவிடுவார் என்றார் மேத்தா. மசோதாவைத் தள்ளிவைக்கக் கேட்டார், நடக்கவில்லை. கோகலே உள்ளிட்டோருடன் வெளிநடப்பு செய்தார்.

செல்வாக்கு வளர வளர எதிர்ப்பும் வளர்ந்தது. எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கணுமா என்ற முணுமுணுப்பும் இருந்தது. 1907 மாநகராட்சித் தேர்தலில் ஆங்கிலேய உயர் அதிகாரிகள் சிலர் கூட்டணி சேர்ந்து அவரைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். 16 இடங்களுக்கான போட்டியில் அவர் 17-ஆவதாக வந்தார். ஜெயித்தவர்களில் ஒருவரின் தேர்வு செல்லாமல் போக, அந்த இடம் மேத்தாவுக்கு வந்தது.

1915 நவம்பர் 5 அன்று, 70 வயதில் காலமானார்.

இன்று என்ன?

2022 மார்ச்சில் மும்பை கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் கமிஷனரே எல்லாம். மேத்தா கேட்டது இரண்டு: வேலை செய்ய ஓர் அதிகாரி, அவரைக் கேள்வி கேட்க ஒரு மன்றம். அந்த நான்கு ஆண்டுகளில் முதலாவது மட்டும்தான் இருந்தது.