கல்பாத்தி இராமநாதன்

சித்திரை, வைகாசித் திங்களில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழ்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். காலையில் வானம் தெளிந்திருக்கும். உச்சிப்பொழுது சாய்ந்ததும், மேற்குமலைத் தொடருக்கு மேல் பஞ்சுப்பொதி போன்ற வெண்முகில் ஒன்று எழும். அது விரைந்து வளர்ந்து, அடி கறுத்து, முடி கொல்லன் பட்டடைக்கல் போலப் பரந்து, இடியும் மின்னலுமாய்க் கோடைமழையைக் கொட்டும். ஆண்டாள் கோயிற் கோபுரம் ஏறத்தாழ 59 மீட்டர் உயரமுடையது. அத்தகைய கோபுரங்கள் 250-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும், வலிய இடிமுகிலின் முடியை எட்டமாட்டா. அம்முடிக்கு மேல் இருப்பது யாது? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் தலைசிறந்தவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் ஆவார்.

இவர் 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியிற் பிறந்தார். பாலக்காட்டிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கல்வி கற்றார். பௌதிகமே இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கற்றபின் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். அந்நகரம் மேற்குமலைக்கு அப்பால் கடலோரத்தில் உள்ளது. இடிமழை மிகுதியும் பெறுவது. அங்கிருந்த பழைய வானிலையத்தில் இவருக்கு நாட்டம் மிகுந்தது. நகரின்மேல் எழும் இடிமழைகளை ஆராய்ந்து கட்டுரையும் வரைந்தார்.

1921-இல் கல்கத்தா சென்று சர். சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்றார். 1923-இல், தூய நீர்மங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபொழுது, இருக்கக்கூடாத நிறத்தில் மங்கலான ஒளி ஒன்றை இவர் கண்டார். மாசு காரணமோ என்று ஐயுற்று நீர்மத்தை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார், ஒளி மறையவில்லை. அதனை ஒருவகை ஒளிர்வு என்று கருதி அப்பொழுது விட்டுவிட்டனர். ஐந்தாண்டுகள் கழித்து இராமன் விளைவு என உலகம் போற்றிய புதுமையின் முதற் சாயலே அது. கைக்கெட்டியது நழுவிற்று என்று வேறொருவராயின் சோர்ந்திருப்பர். இராமநாதனோ 1925-இல் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையிற் சேர்ந்து, தம் இளமைக்கால முகில்களிடமே திரும்பினார்.

அந்நாளில் விமானங்கள் அத்துணை உயரம் பறப்பதில்லை. மிக இலேசான கருவியைப் பலூனிற் கட்டி ஆக்ராவிலிருந்து பறக்கவிடுவர். மேலே பலூன் வெடிக்கும். கருவி எங்கோ ஒரு வயலிலோ காட்டிலோ விழும். கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுத்தாலன்றி, அதிற் பதிந்த வெப்பநிலைக் கணக்குக் கிடைப்பதரிது. இவ்வாறு இங்கும் பிற நாடுகளிலும் கிடைத்த அளவுகளை இராமநாதன் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். நிலநடுக்கோட்டு நாடுகள் வெயில் மிகுந்தவை. ஆதலால் அவற்றின் வானமும் வெம்மை மிகுந்ததாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்குக் கீழே 80 பாகைக்கு மேற்பட்ட குளிர் பூமியை வளையம்போற் சூழ்ந்திருப்பதை 1929-இல் இவர் உலகிற்கு அறிவித்தார்.

இதன் காரணம் இடிமுகிலிலேயே உள்ளது. வெயிலால் சூடேறிய ஈரக்காற்று மேலெழுகின்றது. நீராவி துளியாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் அதனை இன்னும் உயர்த்துகின்றது. உயர உயரக் காற்று விரிகின்றது, விரியக் குளிர்கின்றது. குளிர்நாடுகளில் இவ்வேற்றம் ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் நின்றுவிடும். நம் நாட்டிலோ நெடுந்தொலைவு செல்வதால் குளிரும் மிகுகின்றது.

அக்குளிர்வளையத்திற்கு மேலே ஓசோன் என்னும் வாயு மிகுந்த அடுக்கு உள்ளது. கதிரவனின் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது அதுவே. 1928-இல் ஆங்கில அறிஞர் டாப்சன் தம் ஓசோன் அளக்கும் கருவிகளுள் ஒன்றை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கேயுள்ள கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்திற்கு அனுப்பினார். குளிர்நாடுகளைக் காட்டிலும் நம் வானில் ஓசோன் குறைவு என்பது அதனால் தெளிவாயிற்று. கொடைக்கானலுக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால், அதன் கனம் ஏறத்தாழ 2½ மில்லிமீட்டரே இருக்கும்! வெயில் மிகுந்த இடத்தில் ஓசோன் மிகுதியாய்ப் பிறந்தும் குறைவாய் இருப்பது ஏன்? கீழிருந்து எழும் ஓசோன் குறைந்த காற்று அதனை மேலே தள்ள, அது துருவங்களை நோக்கிப் பரவிச் செல்கின்றது.

1948-இல் இராமநாதன் அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் இயக்குநரானார். அங்கும் ஆபு மலையிலும் மாணவர்களுடன் ஆண்டுக்கணக்கில் ஓசோனை அளந்தார். அனைத்துலக ஓசோன் ஆணைக்குழுவின் தலைமையும் இவரை நாடி வந்தது. 1976-இல் அரசு பத்மவிபூஷண் விருது வழங்கிற்று.

பின்வந்த அறிஞர்கள் விமானங்களையும் செயற்கைக் கோள்களையும் கொண்டு இடிமுகில்களையே துருவி ஆராய்ந்தனர். மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிராணவாயுவையும் பிளந்து சேர்க்கின்றது. அதிற் பிறக்கும் வாயுக்கள் வெயில் பட்டதும், குளிர்வளையத்திற்குக் கீழே புதிய ஓசோன் உண்டாகக் காரணமாகின்றன. வலிய முகில்கள் சில அவ்வளையத்தையும் துளைத்து, நீராவியையும் தரைக் காற்றையும் மேலே கொண்டு சேர்க்கின்றன. ஓசோனை அழிக்கும் பொருள்கள் தரையில் வெளிப்படின், அவை மேலேறுவதற்கும் இதுவே வழி.

இராமநாதன் 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் மறைந்தார். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்துருவ வானில் ஓசோன் பெரிதும் அழிந்து வருவதை ஆங்கில அறிஞர் மூவர் வெளியிட்டனர். அவர்கள் அதனை அளந்தது டாப்சன் கருவியினாலேயாகும்.